இருபது வளைவு, இரண்டு நிறுத்தம்: ஏற்காடு நாட்குறிப்பு

முதல் நாள், சேலம்

அரையாண்டு லீவு விட்ட மறுநாளே ஈரோட்டிலிருந்து ரயிலேறிவிட்டோம். நான், வீட்டுக்காரர், ஒன்பது வயது மகன், அப்புறம் அத்தை. அத்தை என்றால் என் மாமியார். நாத்தனார் வீடு சேலத்தில். இன்றைக்கு இங்கே தங்கல், நாளைக் காலை அவர்கள் காரில் எல்லோருமாக ஏற்காடு.

கேமரா வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. சீட்டுப் பணத்தில் வாங்கியது. இந்த இரண்டு வருஷத்தில் தனியாகப் போய்ப் படம் எடுத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் யாரோடாவது சேர்ந்து போனதுதான். நாலு பேரோடு போகும்போது கண் ஏன் கலைந்துபோகிறது என்பது ரொம்ப நாளாக மனசை அரிக்கிற விஷயம். அதனால் இந்த முறை ஊரைப் பற்றி எழுதுவதோடு இதையும் அன்றன்றைக்கு ராத்திரியே எழுதிப்போடுகிறேன்.

சாயங்காலம் நாத்தனார் செவ்வாய்பேட்டைக்குக் கூட்டிப்போனாள். சேலத்துக் கொலுசு நாடு முழுக்கப் போகிறது என்பது தெரியும். செய்கிற இடத்தைப் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரு பட்டறை, வீட்டின் முன்னறைதான். ஐந்து பேர் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் இருந்த பெரியவர் ஒருவர் பற்றவைக்கிற வேலை செய்தார். கண்ணியும் கண்ணியும் சேருகிற இடத்தில் வெங்காரப் பொடி வைத்து, வாயில் ஊதுகுழலை வைத்து ஊதினார். பொடி வைத்து ஊதுகிறான் என்று பேச்சில் சொல்கிறோமே, அது இப்படிப்பட்ட பட்டறையிலிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். கன்னம் உப்புகிறது. கண் சுருங்குகிறது. நெட்டுக்குத்தாக நிற்கிற தீ ஊசி மாதிரி சாய்ந்து அந்த ஒரு புள்ளியைத் தொடுகிறது. புள்ளி சிவந்து, கண்ணிகளை இணைக்கிற பற்று உருகிச் சட்டென்று ஓடி, ஒரு மினுக்கு மினுக்கி அடங்குகிறது. எல்லாம் சேர்ந்து இரண்டு மூச்சு நேரம்.

முதல் தடவை வெறுமனே பார்த்தேன். இரண்டாம் தடவை அந்த மினுக்கு எப்போது வருகிறது என்று மனசுக்குள் எண்ணினேன். மூன்றாம் தடவைக்குக் கேமராவைத் தூக்கினேன். பெரியவரின் கன்னம் உப்ப ஆரம்பித்தபோது பக்கத்திலிருந்து நாத்தனார் சொன்னாள்: "அண்ணா, எங்க அண்ணி போட்டோ எடுக்கறாங்க. இப்படிப் பார்த்துக் கொஞ்சம் சிரிங்க."

அவர் குழலைக் கீழே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தார். நானும் பதினோரு படம் எடுத்தேன். பதினொன்றிலும் ஒரு நல்ல மனிதர் கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கையில் வேலை இல்லை.

நாத்தனார் செய்தது தப்பில்லை. ஒருவரைப் படம் எடுக்கும்போது அவரிடம் சொல்வதுதான் மரியாதை. உள்ளே நுழைந்ததும் நானே கேட்டிருக்க வேண்டும்: "உங்க வேலையைப் படம் எடுக்கட்டுங்களா?" அப்படிக் கேட்டிருந்தால் அவர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார். சிரிக்கச் சொல்வது வேறு, சம்மதம் கேட்பது வேறு. கூட யாராவது இருக்கும்போது கேட்கிற வேலையை அவர்கள் செய்துவிடுவார்கள் என்று இருந்துவிடுகிறேன். அவர்கள் அவர்களுக்குத் தெரிந்த விதத்தில் செய்கிறார்கள்.

திரும்பும்போது தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி. மகன் நாலு செட். அதைப் படம் எடுக்கத் தோன்றவில்லை, கை முழுக்கச் சட்னி.

இரண்டாம் நாள், மலை ஏற்றம்

சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர் சொச்சம். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கின்றன. மொத்தம் 20. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கிறது. மகன் எண்ணிக்கொண்டே வந்தான்.

காரில் போகும்போது "நிறுத்துங்க" என்று எத்தனை முறை சொல்லலாம்? இதை நான் பல பயணங்களில் கணக்குப் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை. முதல் முறை எல்லோரும் சந்தோஷமாக இறங்குவார்கள். இரண்டாம் முறை இறங்குவார்கள். மூன்றாம் முறை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கார் அமைதியாகிவிடும். அந்த அமைதியைத் தாங்கிக்கொண்டு என்னால் ஒரு ஃப்ரேம்கூடப் பார்க்க முடியாது. அதனால் இரண்டு நிறுத்தத்தையும் காசு மாதிரி பொத்திவைத்துச் செலவு பண்ணுவேன். இந்த வளைவா, அடுத்த வளைவா, மேலே இன்னும் நன்றாக இருக்குமோ என்று அந்தக் கணக்கிலேயே பாதி வழி போய்விடும்.

இன்றைக்கும் அப்படித்தான். பாதி மலை ஏறியிருப்போம், கீழே வெள்ளைக்கல் சுரங்கங்கள் தெரிந்தன. சேலத்துக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற மேக்னசைட் பூமி அது. உலைக்களங்களுக்கு உள்பூச்சுச் செங்கல் செய்ய அந்தக் கல் போகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் செம்மண்ணும் பச்சையும் கலந்த நிலத்தில் யாரோ கோலமாவைக் கொட்டிவைத்த மாதிரி குவியல் குவியலாக வெள்ளை. காலை எட்டரை மணி வெயில் சாய்வாக விழுந்து, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பக்கம் நீல நிழல். முதல் நிறுத்தத்தை ஏற்கனவே கீழே குரங்குகள் இருந்த வளைவில் மகன் கேட்டுச் செலவழித்துவிட்டான். மேலே இதைவிட நல்ல காட்சி வரும் என்று இரண்டாவதைச் சேர்த்துவைத்தேன். வரவில்லை. அடுத்த வளைவில் மரங்கள் மறைத்தன, அதற்கடுத்து மஞ்சு ஏறிவிட்டது.

ஏரிக்கரைக்கு வந்ததும் குரூப் போட்டோ. வீட்டிலேயே நல்ல கேமரா யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எல்லோருக்கும் போட்டோகிராபர், அதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அத்தை தனியாக, நாத்தனார் குடும்பம் தனியாக, எல்லோரும் சேர்ந்து, படகுத்துறையில் ஒன்று, பூச்செடியோடு ஒன்று. இதில் எனக்கு வருத்தம் கிடையாது. பத்து வருஷம் கழித்து எங்கள் வீட்டில் தேடப்போகிற படங்கள் இவைதான் என்பதும் தெரியும். கஷ்டம் அதற்கு அப்புறம் வருகிறது. "இப்பவே வாட்ஸ்அப்ல போடுங்க அண்ணி." கேமராவின் வைஃபையைப் போட்டு, போனோடு சேர்த்து, ஒவ்வொன்றாக இறக்கி, அனுப்பி, "இதுல நான் கண்ணை மூடிட்டேன், வேற இருக்கா" என்று தேடி... அரை மணி நேரம். தலை நிமிர்ந்தபோது ஏரி முழுக்கத் திறந்து கிடந்தது. நாங்கள் வந்தபோது தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பாய் விரித்த மாதிரி மஞ்சு படுத்திருந்தது. அது எப்போது எழுந்து போனது என்று எனக்குத் தெரியாது.

ஏற்காடு என்ற பேரே ஏரியும் காடும் சேர்ந்தது என்பார்கள். ஏரிக்கரையில் நின்று ஏரியைப் பார்க்காமல் போன் திரையைப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி லேடீஸ் சீட் என்கிற காட்சி முனைக்குப் போனோம். அங்கிருந்து சேலம் நகரம் முழுக்க விளக்காகக் கீழே பரந்து கிடக்கும். இதற்காகத்தான் ட்ரைபாடைச் சுமந்து வந்தேன். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் 15 விநாடி திறந்திருக்கும். இந்தப் பதினைந்து விநாடிக்குக் கேமரா அசையக் கூடாது, அவ்வளவுதான் வேண்டியது. முதல் படத்தில் பின்னாலிருந்து ஒரு பையனின் முதுகுப்பை ட்ரைபாட் காலில் இடித்தது, விளக்குகள் எல்லாம் புழுவாக நெளிந்துவிட்டன. இரண்டாம் படத்தில் பக்கத்தில் யாரோ போன் டார்ச்சை அடித்தார்கள், கம்பித் தடுப்பு வெள்ளையாக எரிந்துவிட்டது. மூன்றாவதில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் மகன் என் புடவையைப் பிடித்துக்கொண்டு "பதினாலு... பதிமூணு..." என்று பின்னாலிருந்து எண்ணினான், நாத்தனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் வீட்டுக்காரர் வருகிறவர்களைக் கை நீட்டித் தடுத்தார். படம் நன்றாகவே வந்திருக்கிறது. அந்தப் பதினைந்து விநாடியும் நான் நகரத்தைப் பார்க்கவில்லை. என்னால் எத்தனை பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதுதான் மனசில் இருந்தது. இன்னும் நாலு படம் எடுத்திருக்க வேண்டும். போதும், போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள், விடியலும் ஆர்க்கிட் தோட்டமும்

தனியாகப் போய் எடுக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்கள்தான் அதிகம் கேட்பார்கள். தெரியாத மலையூரில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, விளக்கில்லாத எஸ்டேட் ரோட்டில், கழுத்தில் கேமராவோடு ஒரு பெண் தனியாக நிற்பது அவ்வளவு சுலபமில்லை. பயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு காது எப்போதும் பின்பக்கமே இருக்கும். வண்டிச் சத்தம் கேட்டால் வேகம் குறைகிறதா என்று கவனிக்கும். கூட ஆள் இருந்தாலும் கண் கலைகிறது, இல்லாவிட்டாலும் கலைகிறது.

வீட்டுக்காரர் "நானும் வரேன்" என்றார். குல்லாவும் சால்வையுமாக வந்தார். நான் கேட்காமலே இருபதடி தள்ளி, ஒரு மதகுத் திண்டின் மேல் உட்கார்ந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. போனைக்கூட எடுக்கவில்லை, வெளிச்சம் எனக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று. இதைவிட நல்ல துணை யாருக்குக் கிடைக்கும்?

ஆனாலும் முதல் பத்து நிமிஷம் என்னால் ஒன்றும் பார்க்க முடியவில்லை. அவர் தூக்கத்தைக் கெடுத்துக் கூட்டிவந்திருக்கிறேன், அதற்கு ஏதாவது கிடைத்தாக வேண்டும் என்ற அவசரம். கண்டதற்கெல்லாம் ஷட்டரை அழுத்தினேன். வேலிக் கம்பி, சிலந்தி வலை, ரோடு வளைவு. சிலந்தி வலையை நான் எப்போதுமே எடுக்கமாட்டேன், எல்லோரும் எடுக்கிறார்கள். இன்றைக்கு முப்பது படம் எடுத்திருக்கிறேன். பேசுகிற துணை காதைக் கலைக்கிறது என்றால், பேசாமல் காத்திருக்கிற துணை கையைக் கலைக்கிறது. அவர் அங்கே சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நான் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

போட்டோ எடுப்பவர்களோடு போனால் இந்தக் குறை தீருமா? தீராது. போன வருஷம் ஒரு குழுவோடு கொல்லிமலை போயிருந்தேன். வழியில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியைச் சுற்றி ஏழு பேர் நின்று ஒரே நேரத்தில் எடுத்தோம். ஏழு பேருக்கும் ஒரே கை, ஒரே சுருக்கம், ஒரே மூக்குத்தி. ஒருவர் குனிந்தால் எல்லோரும் குனிகிறோம். பாட்டி சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் படங்களை இன்றுவரை நான் திறந்து பார்க்கவில்லை.

ஆறு மணி வாக்கில் வீட்டுக்காரர், "டீக்கடை திறந்திருப்பான், நான் போய் ரெண்டு டீ வாங்கிட்டு வரேன். சத்தம் போட்டா கேக்கற தூரம்தான்" என்று எழுந்து போனார். இருபது நிமிஷம்.

அந்த இருபது நிமிஷத்தை எழுதிவைக்க ஆசையாக இருக்கிறது. ரோட்டுக்குக் கீழே காப்பித் தோட்டம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டதிலிருந்து இந்த மலையில் காப்பி இருக்கிறது. நிழலுக்கு சில்வர் ஓக், அதன்மேல் படர்ந்த மிளகுக் கொடி, கீழே இடுப்புயரக் காப்பிச் செடி. இப்போது பழம் பறிக்கிற காலம். மஞ்சு கீழிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. முன்னால் நின்ற மரம் மட்டும் கறுப்பு, அதற்குப் பின்னால் சாம்பல், அதற்கும் பின்னால் இருக்கிறதா இல்லையா என்ற மாதிரி ஒன்று. கேமராவின் மீட்டர் மஞ்சைப் பார்த்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து எல்லாவற்றையும் அழுக்குச் சாம்பலாக்கிவிடும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, கூட்டிவைத்தேன். அப்புறம் கேமராவைக் கீழே இறக்கிவிட்டுச் சும்மா நின்றேன்.

சும்மா நின்றதும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. என் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு கிளை. கணுவுக்குக் கணு கொத்தாகப் பழம். ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு, காய்ந்து கறுத்தது என்று நாலும் இருந்தன. சிவந்த பழத்தின் அடியில் ஒரு சொட்டு நீர். அதற்குள் தலைகீழாக அந்த சில்வர் ஓக். மஞ்சு மரத்தை மறைத்தால் சொட்டு வெறும் வெள்ளையாகிவிடும், விலகினால் மரம் மறுபடி உள்ளே வரும். நாலு தடவை போய் வந்தது. ஐந்தாம் தடவை எடுத்தேன். ஒரே படம்.

பறிக்கிற பெண்கள் மூன்று பேர் சாக்கை மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார்கள். ஒருத்தி நின்று, "என்னம்மா, பழத்தையா எடுக்கறே?" என்றாள். ஆமாம் என்றேன். "கறுத்தது தனியா, சிவந்தது தனியாப் போடணும்மா. ஒண்ணாப் போட்டா மேஸ்திரி சத்தம் போடுவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருந்தால் என்னிடம் நின்று பேசியிருப்பாளா என்று தெரியவில்லை.

அவர் டீயோடு வந்து, "கிடைச்சுதா?" என்றார். கிடைத்தது என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. டீ நன்றாக இருந்தது.

பத்து மணிக்கு மேல் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம். மற்றவர்கள் பகோடா பாயிண்ட் போய்விட்டார்கள். அத்தைக்கு முட்டி வலி, அவ்வளவு சுற்ற முடியாது. நான் கூட இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்போது அதை ஒரு பொறுப்பாகத்தான் நினைத்தேன்.

ஆர்க்கிட் இந்த மாதத்தில் அதிகம் பூக்கவில்லை. இருந்தவையும் ஆளைக் கூப்பிடுகிற பூக்கள் இல்லை, குனிந்து தேட வேண்டும். அத்தை பத்தடி நடந்தால் எங்கேயாவது உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு. யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. அவர் தன் காலுக்காக உட்கார்ந்திருக்கிறார், நான் என் கண்ணுக்காக நிற்கிறேன். காலையில் அந்த மதகுத் திண்டு ஏன் என்னை அவ்வளவு அழுத்தியது என்று இங்கேதான் புரிந்தது. வீட்டுக்காரருக்கு அங்கே உட்கார வேறு காரணமே இல்லை.

குடுவைச் செடி ஒன்று இருந்தது. மேகாலயா மலைகளைச் சேர்ந்தது. இலை நுனி கொடி மாதிரி நீண்டு, அதன் முனையில் ஒரு குடுவை, அதற்கு ஒரு மூடி. அத்தை ரொம்ப நேரம் அதைப் பார்த்தார்.

"இது காயா கண்ணு?"

"இலைதான் அத்தை. உள்ளே தண்ணி மாதிரி இருக்கும். பூச்சி வந்து விழுந்தா அப்படியே கரைச்சு சாப்பிட்டுக்கும்."

"மூடி எதுக்கு? விழுந்ததும் மூடிக்குமா?"

மூடாது, அது அசையாமல் அப்படியே இருக்கும், மழைத்தண்ணீர் உள்ளே நிரம்பாமல் தடுக்கும் என்றேன். "அப்ப பூச்சியே வழுக்கி விழுதா" என்று கேட்டுவிட்டு, எழுந்து கிட்டே வந்து விளிம்பைக் காட்டினார். அந்த விளிம்பில் மெல்லிய வரி வரியாகப் பளபளப்பு. வாயிலிருந்து உள்ளே இறங்குகிற வழுக்குப் பாறை. நான் குடுவையின் முழு உருவத்தையே எடுத்துக்கொண்டிருந்தேன், விளிம்பைப் பார்க்கவில்லை. இதுவும் கூட வந்தவரின் பேச்சுதான், இதுவும் என்னை நிறுத்திவைத்தது. ஆனால் இவர் நான் பார்க்கிற பொருளையே பார்த்துக்கொண்டு பேசினார்.

நாலாம் நாள், சேர்வராயன் கோயிலும் இறக்கமும்

காலையில் சேர்வராயன் கோயில். இந்த மலைத்தொடருக்கே அவர் பேர்தான். 5,300 அடிக்கு மேல், ஏற்காட்டிலேயே உயரமான இடம். உச்சியில் மரமில்லாத புல்வெளி, நடுவில் ஒரு குகை. குனிந்து உள்ளே போனால் சேர்வராயனும் காவேரி அம்மனும். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு மலைக் கிராமத்து ஜனங்களெல்லாம் வருவார்கள்.

உள்ளே படம் எடுக்க வேண்டாம் என்று கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன். உள்ளே ஈரக் கல் வாசனையும் கற்பூர வாசனையும். முன்னால் மகன், பின்னால் அத்தை, தோளில் அத்தையின் கை. வெளியே வந்தும் ஜிப்பைத் திறக்கவில்லை. நாத்தனார் அவள் போனில் எல்லோரையும் நிற்கவைத்து எடுத்தாள். இந்தப் பயணத்தில் நானும் இருக்கிற முதல் படம் அது. காற்றில் என் முடி முகத்தை மறைத்திருக்கிறது, பரவாயில்லை.

மதியத்துக்குள் சேலம் போய் ரயில் பிடிக்க வேண்டும் என்பதால் பத்தரைக்கே இறங்க ஆரம்பித்தோம். மகன் இப்போது இருபதிலிருந்து கீழே எண்ணினான். நான் முன் சீட்டில் இருந்தேன். எதையும் நிறுத்தச் சொல்வதில்லை என்று மனசுக்குள் முடிவு பண்ணியிருந்தேன்.

வெள்ளைக்கல் பூமி தெரிகிற வளைவுக்கு முன்னால் பின்சீட்டிலிருந்து அத்தை, "இங்க ஓரமா நிறுத்துப்பா, காலை நீட்டணும்" என்றார். வீட்டுக்காரர் ஓரங்கட்டினார். நான் கையைப் பிடித்து இறக்கினேன். தடுப்புச் சுவர் வரைக்கும் மெதுவாக நடந்தார்.

கீழே அதே குவியல்கள். பதினோரு மணி வெயில் நன்றாக ஏறிவிட்டது. நீல நிழல் எதுவும் இல்லை, எல்லாம் ஒரே தட்டையான வெள்ளை, பார்த்தால் கண் கூசுகிறது. எறும்பு மாதிரி ஒரு லாரி குவியலைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எடுக்கலையா கண்ணு?"

"வெளிச்சம் சரியில்லீங்க அத்தை. அன்னிக்கு ஏறும்போதுதான் நல்லா இருந்துச்சு. காலைல எட்டு மணிக்கு வரணும்."

அத்தை சுவரில் கையை ஊன்றிக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, பொங்கல் கழிச்சு ஒருநாள் முதல் வண்டிக்கு வருவோம். பஸ்ஸு இங்க நிக்குமான்னு கேட்டு வை."